பட்டினித் தண்ணீர்

நாலு வருஷமாக நிறம் மாறாத தண்ணீர், அன்றைக்கு உச்சிப்பொழுதில் புட்டிக்குள் நீலமாகிக்கொண்டு வந்தது.

ராஜவேல் புட்டியை வெயிலில் தூக்கிப் பிடித்தான். மருந்து இரண்டு சொட்டு விட்டுப் பத்து நிமிஷம் வைத்தால், தண்ணீரில் பாஸ்பரஸ் இருந்தால் நீலம் காட்டும். இல்லாவிட்டால் விட்டது விட்டபடி வெள்ளையாகவே நிற்கும். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை இந்தக் கல்லுக்குட்டைக்கு வந்து, படகில் நடுவுக்குப் போய், இதே சோதனையைக் கிட்டத்தட்ட நூறு தடவை செய்திருப்பான். ஒரு தடவைகூட நீலம் கண்டதில்லை. இப்போது வெள்ளை வேட்டிக்குப் போடுகிற நீலம் மாதிரி மெல்லிசாக, அடியிலிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது.

படகின் மறுமுனையில் குடை பிடித்து உட்கார்ந்திருந்த சந்திரலேகா குறிப்பேட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். சிதம்பரம் பல்கலைக்கழகத்தில் இந்தக் குட்டையை வைத்துத்தான் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். ராஜவேல் அங்கே ஆய்வுக்கூடத்தில் உதவியாளர்.

“என்னண்ணா, புட்டியக் கழுவலயா?”

“ரெண்டு வாட்டி கழுவுனேன் மேடம்.”

“அப்ப யாரோ சோப்புப் போட்டுத் துணி தொவச்சிருக்காங்க. இல்ல ஆடு எதனா உள்ள வுழுந்திருக்கும்.”

இருக்கும் மேடம் என்றான். பொய். அந்த நீலம் எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியும். அது அவன் பொண்டாட்டி.

பொன்னி செத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மஞ்சள் காமாலை. பொன்னிக்குப் பிறந்த ஊர் கடலூர் முதுநகர். அவள் அம்மாவை 2004 டிசம்பரில் கடல் கொண்டுபோனது; உடம்புகூடக் கிடைக்கவில்லை. அதற்கப்புறம் ஐந்து வருஷத்தில் பொன்னி ஒரு நாளும் கடற்கரைப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. கடைசி நாளில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “என்ன கடல்ல மட்டும் கரைச்சிடாத. ஆத்துலயும் வேணாம், ஆறும் அங்கதான் போவுது.” பால் தெளித்து எலும்பு பொறுக்கி மண்சட்டியில் போட்டு மஞ்சள் துணி கட்டி அவன் கையில் கொடுத்தபோது, கடலுக்குப் போகாத தண்ணீர் என்று அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான். யாருக்கும் சொல்லாமல் மொபெட்டில் வைத்துக் கொண்டுவந்து, இந்த நடுக்குட்டையில் கரைத்தான். இருக்கிற தண்ணீரிலேயே சுத்தமான தண்ணீர் என்று நினைத்து, மனசார அழுதுகொண்டுதான் கரைத்தான். எலும்பில் இருப்பதும் பாஸ்பரஸ்தான்; இரண்டு மாதமாக மெல்ல ஊறிக் கரைந்து இப்போது நீலம் காட்டுகிறது.

கடலூருக்கு மேற்கே செம்மண் மேட்டில், கல் வெட்டி எடுத்துவிட்டு விட்டுப்போன குழி அது. இரண்டு ஏக்கர், அறுபது அடி ஆழம். உள்ளே வர வாய்க்கால் கிடையாது, வெளியே போக மதகு கிடையாது. சுற்றிலும் மொட்டைப் பாறை என்பதால் மண்ணோ சாணியோ சருகோ போய்ச்சேர வழியில்லை. ஊர் ஏரியெல்லாம் பாசி பிடித்துப் பச்சைப்பசேலென்று நாறிக் கிடக்க, இது மட்டும் கண்ணாடியாக இருந்தது. பனிமலை உச்சியில் தேங்குகிற ஏரிகள்தான் இப்படி இருக்குமாம். சமவெளியில் இப்படி ஒன்று கிடைத்தது தன் அதிர்ஷ்டம் என்பாள் சந்திரலேகா. அதை அவள் பட்டினித் தண்ணீர் என்றுதான் சொல்லுவாள். சுத்தம் என்று நாம் நினைப்பது பசி; தின்ன ஒன்றுமில்லாததால் ஒன்றும் வளரவில்லை, ஒன்றும் வளராததால் கலங்கவில்லை. இருக்கிற அணுவளவு சத்தை நுண்பாசி தின்னும், பாசியைத் தண்ணீர்த்தெள்ளு தின்னும், தெள்ளை நகக்கண் அளவில் ஓடுகிற கண்ணாடி மீன் தின்னும், மீன் செத்துச் சேறாகும், சேற்றிலிருந்து மறுபடியும் பாசி.

“இந்தத் தண்ணியில எதுவும் வீணாப் போவாதுண்ணா,” என்று முன்பொரு நாள் சொல்லியிருந்தாள். “உள்ள போனது வெளிய வராது. கை மாறி கை மாறி சுத்திக்கிட்டே இருக்கும்.”

வேறு எவனாவது இதில் அஸ்தி கரைத்திருந்தால், தெரியாமல் செய்தான் என்று விட்டுவிடலாம். ராஜவேல் இதைக் காதால் கேட்டவன்.

அடுத்த தடவை போனபோது நீலம் இல்லை. சந்திரலேகா சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், அவள் முகம் சுருங்கியது. சத்து கிடைத்த குட்டையில் பாசி பொங்க வேண்டும், தண்ணீர் பச்சையாக வேண்டும். இது முன்னைவிடத் தெளிந்துபோயிருந்தது. தெளிவு பார்க்க அவர்களிடம் ஒரு தட்டு உண்டு. வெள்ளையும் கறுப்புமாக நாலு பங்காகப் பிரித்த வட்டத்தட்டு. வெயில் உச்சிக்கு வந்ததும் அதைக் கயிற்றில் கட்டி இறக்கி, எத்தனை அடியில் கண்ணுக்கு மறைகிறது என்று குறிக்க வேண்டும். நாலு வருஷமாக நாற்பதடியில் மறைந்த தட்டு, அன்றைக்கு ஐம்பதடியிலும் வெள்ளையாகத் தெரிந்தது.

“சத்து உள்ள இருக்கு, ஆனா பாசியில இல்ல, பூச்சியில இல்ல,” என்றாள் சந்திரலேகா. “எல்லாம் எங்கயோ ஒரே எடத்துல போய்ச் சேருது.”

கயிற்றைப் பிடித்தபடி ராஜவேல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். காற்றில்லை. பாறைச் சூடு மூக்கில் ஏறியது, ஈரச்செங்கல்லின் வாசனையோடு கலந்து வேறு ஏதோ ஒரு வாசனையும் வந்தது. புதுத்துணிக் கஞ்சியும் மெஷின் எண்ணெயும் கலந்தது போல. படகுக்கு அடியில் தண்ணீர்த்தெள்ளுகள் ஆயிரக்கணக்கில் கூடி, சிதறாமல், ஒரே திசையாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தன. சத்தம் வந்தது. முதலில் தூரத்தில் எங்கோ மோட்டார் ஓடுகிறது என்று நினைத்தான். அது படகின் அடிப்பலகை வழியாக உள்ளங்காலில் ஏறியது. கடகடகடவென்று ஓர் ஓட்டம். ஒரு நிறுத்தம். சின்னதாக ஒரு டக். மறுபடியும் ஓட்டம்.

பொன்னி தையற்காரி. கத்தரிக்கோல் கழுத்திலேயே தொங்கினாலும், ஒரு தையல் முடிந்ததும் குனிந்து நூலைப் பல்லால்தான் கடித்து அறுப்பாள். கடித்துக் கடித்து மேல்வரிசை முன்பல்லில் அரிசிமுனை அளவுக்கு ஒரு பிளவு விழுந்திருந்தது.

“மேடம், எதனா சத்தம் கேக்குதா?”

“என்ன சத்தம்?”

“ஒண்ணுமில்ல.”

சிதம்பரம் வீட்டில் மெஷின் பூப்போட்ட துணி மூடி மூலையில் கிடந்தது. அவனும் மகள் அனுப்பிரியாவும் மட்டும்தான். ஏழு வயது. அனு அம்மாவைக் கேட்டு அழுவதை நிறுத்தி ஒரு மாதமாகியிருந்தது, அதுவே அவனுக்குப் பயமாக இருந்தது. அந்த வாரம் அவளுக்கு முன்பல் விழுந்தது. ரத்தம் துடைத்த பல்லை உள்ளங்கையில் வைத்து நீட்டி, “சாணியில வச்சு கூரை மேல போடணுமாம்ப்பா, அப்பத்தான் நல்ல பல்லு மொளைக்குமாம்,” என்றாள். அவர்கள் இருந்தது மாடிவீட்டுக் கீழ்ப்பகுதி. கூரைக்கு எங்கே போவது. செம்மண் மேட்டுப் பக்கம் ஏதாவது ஓட்டுவீட்டுக் கூரையில் போட்டுவிடலாம் என்று சட்டைப்பையில் போட்டவன், வழக்கம்போல மறந்துபோனான்.

நடுக்குட்டையில் புட்டி மொள்ளக் குனிந்தபோது பல் பையிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்தது.

விழுந்ததைப் பார்த்தான். நிதானமாக, புரண்டு புரண்டு, வெள்ளையாக இறங்கியது. அங்கங்கே தன்போக்கில் திரிந்த கண்ணாடி மீன்கள் எல்லாம் ஒரே சமயத்தில் திரும்பின. ஒன்றும் அதைக் கொத்தவில்லை. இரண்டு பக்கமும் வரிசை கட்டி, சாமி புறப்பாட்டுக்குக் கூட்டம் வழிவிடுவது மாதிரி வழிவிட்டு, அதோடேயே கீழே போயின. ஐம்பதடி வரைக்கும் அவன் கண்ணுக்குத் தெரிந்தது. அதற்குக் கீழே எதுவோ அதை வாங்கிக்கொண்டது.

கடகட சத்தம் நின்றது. அரை நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு முன்னைவிட வேகமாக ஆரம்பித்தது.

அடுத்த தடவை, அடிச்சேறு எடுக்கிற நாள். இரும்புக் கவ்வியைக் கயிற்றில் இறக்கி மேலே இழுத்து அவன் தட்டில் கொட்டினான். சாம்பல் நிறச் சேற்றுக்குள் வெள்ளையாக ஒன்று. விரலால் தடவினான். பல். வேரோடு, ஈரமாக, இன்னும் வாய்க்குள் இருப்பது போல மினுமினுத்துக்கொண்டு. பெரிய ஆள் பல். மேல்வரிசை முன்பல். ஓரத்தில் அரிசிமுனை அளவுக்கு ஒரு பிளவு.

நெருப்பில் வெந்த பல் எப்படி இருக்கும் என்று எலும்பு பொறுக்கிய அவனுக்குத் தெரியும். கறுத்து, வெடித்து, தொட்டால் உதிரும். இது வேகாதது. இது புதுசு. அவன் கையை மூடிக்கொண்டான். உள்ளங்கைக்குள் அது வெதுவெதுப்பாக இருந்தது. சந்திரலேகா பக்கம் முதுகைக் காட்டித் திரும்பி, கையைத் தண்ணீருக்குள் விட்டுத் திறந்தான். வேறென்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவளுடையதை அவளிடம் கொடுத்துவிட வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

அதற்கப்புறம் அவன் தனியாகப் போக ஆரம்பித்தான். லீவு போட்டுவிட்டு, மொபெட்டில், நாற்பது கிலோமீட்டர். பயத்தோடுதான் போனான், ஆனால் பயத்துக்கு அடியில் சொல்லவே வெட்கமான ஓர் ஆசையும் இருந்தது. ஒருவேளை வந்துவிடுவாளோ. பசியாயிருந்தால் போடலாமே. கறிக்கடையில் ஈரலும் எலும்புமாக வாங்கிவந்து நடுக்குட்டையில் போட்டான். போட்டது அத்தனையும் திரும்பி மேலே வந்தது, கடி படாமல், ரத்தம் மட்டும் வெளுத்து. ஒரு நாள் விளிம்பில் மேய்ந்த ஆடு ஒன்று தவறி விழுந்து செத்து மிதந்தது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோதும் அப்படியே, நாற்றம்கூட இல்லாமல் மிதந்தது. எந்த மீனும் கிட்டே போகவில்லை. தன் உள்ளங்கையைப் பிளேடால் கீறித் தண்ணீரில் வைத்தான். தண்ணீர் ரத்தத்தை ஒதுக்கியது. வேண்டாம் என்று தட்டை நகர்த்துகிற மாதிரி ஒதுக்கியது.

தட்டுக் கயிற்றில் அன்றைக்கு ஒரு முடி சுற்றியிருந்தது. ஒரு முழத்துக்கும் நீளம். நிறமே இல்லை.

ஏன் தின்னவில்லை என்று அவன் சந்திரலேகாவிடம்தான் கேட்டான், ஆட்டைச் சாக்கு வைத்து. அவள் ஜீப்பில் முன்சீட்டில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்.

“ஒரு ஏரியில எதனா வளர்றதுக்கு என்னென்ன வேணுமோ, அதுல எது கம்மியோ அதான்ணா கணக்கு. சாம்பார் வைக்கறீங்க, பருப்பு இருக்கு, புளி இருக்கு, உப்பு மட்டும் இல்ல. பருப்ப ஜாஸ்தி கொட்டுனா சாம்பார் ஆயிடுமா? எது இல்லயோ அதத்தான் தேடும். மத்தத நீங்க வண்டி வண்டியாக் கொட்டுனாலும் சீந்தாது.”

“தேடறது கெடைக்கலன்னா?”

“காத்துக்கிட்டே இருக்கும். பட்டினி கெடக்கறதுக்கு அதுக்குச் சொல்லித் தரணுமா?” சிரித்துக்கொண்டே டப்பாவை மூடினாள். “வெளிநாட்டுல எல்லாம் சத்து ஜாஸ்தியான ஏரியில படிகாரத்தக் கரைச்சு வுடுவாங்க. தண்ணியில இருக்கற சத்தெல்லாம் திரண்டு அடியில போய் உக்காந்துக்கும். நம்ம குட்டைக்கு அது வேணாம், என் ஆராய்ச்சியே உக்காந்துடும்.”

சிதம்பரம் திரும்புகிற வழியெல்லாம் ராஜவேல் அதையே நினைத்துக்கொண்டு வந்தான். பொன்னியிடம் என்ன குறைகிறது? எலும்பும் சாம்பலும் குட்டையில் இருக்கிறது. சதை புகையாகப் போய்விட்டது. போனது போனதுதான், அதை எந்தத் தண்ணீரும் தேடிப் பிடிக்க முடியாது. பூமியில் பொன்னியின் சதை இனி எங்கே இருக்கிறது? பரங்கிப்பேட்டை பிரிவு தாண்டும்போது அவனுக்கு அது உறைத்தது. அனு வயிற்றிலிருந்தபோது பொன்னிக்கு ஒரு கடைவாய்ப்பல் ஆடி விழுந்தது. பிள்ளை எலும்பிலிருந்து இழுத்துக்கொள்கிறது, பால் குடியுங்கள் என்றார் டாக்டர். பிறந்த பிறகும் இரண்டு வருஷம் தாய்ப்பால். “என்ன உறிஞ்சி எடுத்துத்தான் இது இவ்ளோ பெருசாச்சு,” என்று அனுவைத் தூக்கிக் காட்டிச் சிரிப்பாள் பொன்னி.

ஜீப்பை நிறுத்தச் சொல்லி, சாலையோரத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான்.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த அனு சீருடையோடு கூடத்து நடுவில் நின்றாள், கண்ணை மூடிக்கொண்டு. இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டியிருந்தாள். பிறகு கையை இறக்கி, மெதுவாகத் திரும்பி, முதுகைக் காட்டி நின்றாள். கழுத்தை லேசாகக் குனிந்தாள். முட்டியைச் சேர்த்தாள். சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக விழுந்திருந்தது. மெஷின் மேல் போட்ட துணி அசையவில்லை.

“அனும்மா, என்ன பண்ற?”

“அம்மா அளவு எடுக்கறாங்கப்பா.”

“எங்க அம்மா?”

“அடியில.” கண்ணைத் திறக்காமலே சொன்னாள். “இன்னும் கொஞ்சந்தான் இருக்காம். அப்புறம் போட்டுப் பாக்கணுமாம்.”

குட்டையைப் பற்றி அவன் பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மறுநாள் விடிந்ததும் அனுவின் துணியெல்லாவற்றையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு முதுநகருக்குப் போனான். பொன்னியின் தம்பி காத்தவராயன் அங்கே துறைமுகத்தில் ஐஸ் கம்பெனியில் வேலை செய்கிறான். அக்கா பிள்ளை என்றால் உயிர்.

“ரெண்டு நாளைக்கு புள்ளய வச்சுக்க மச்சான். தனியா வுடாத. கெணறு, தொட்டி, எந்தத் தண்ணிப் பக்கமும் வுடாத.”

“என்னா மாமா, மூஞ்சே சரியில்ல. இவ்ளோ துணி எதுக்கு?”

“கேக்காத. பாத்துக்க.”

அனுவைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டான். அழக்கூடாது என்று நினைத்திருந்தான், முடியவில்லை. அழுத கண்ணோடே கடைத்தெருவுக்குப் போய் எட்டு மூட்டைப் படிகாரம் வாங்கி, ஒரு குட்டியானையில் ஏற்றிக்கொண்டு செம்மண் மேட்டுக்குப் போனான். பொன்னியை இரண்டாவது தடவை கொல்லப் போகிறோம் என்று வழியெல்லாம் நெஞ்சு அடித்துக்கொண்டது. பிள்ளைக்காக என்றால் அவளே ஒத்துக்கொள்வாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். உயிரோடு இருந்த பொன்னி ஒத்துக்கொள்வாள்.

வண்டிக்காரன் மூட்டைகளைக் கரையில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். மணி ஒன்பது. இரண்டிரண்டு மூட்டையாகப் படகில் ஏற்றி, துடுப்புப் போட்டு, தூளை வாளியில் கரைத்துக் கரைத்து குட்டை முழுக்க ஊற்றினான். கையின் கீறலில் படிகாரம் பட்டுத் தீயாக எரிந்தது. நாக்கில் துவர்ப்பு. உள்ளங்காலில் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது, அவன் எங்கே போனாலும் சரியாகப் படகுக்கு நேர் கீழே. நாலாவது நடையில் கடைசி வாளியைக் கவிழ்த்தபோது தண்ணீர் முழுக்க மாவு கரைத்த மாதிரி வெளுத்திருந்தது. வெளுப்பு திரண்டது. பஞ்சு பஞ்சாக, செதில் செதிலாக, மெதுவாக இறங்க ஆரம்பித்தது. பாசி, தெள்ளு, மீன், கண்ணுக்குத் தெரியாதது எல்லாவற்றையும் சேர்த்து அணைத்துக்கொண்டு இறங்கியது.

சத்தம் நின்றது.

ராஜவேல் படகில் அப்படியே மல்லாந்தான். முடிந்தது. வானம் வெறுமையாக இருந்தது. எவ்வளவு நேரம் கிடந்தானோ, நெற்றிக்கு நேராக வெயில் வந்தபோதுதான் எழுந்தான். போன் அடித்துக்கொண்டிருந்தது. எடுப்பதற்குள் நின்றது. காத்தவராயன், பதினேழு தடவை.

பழக்கதோஷம், தட்டை எடுத்துத் தண்ணீரில் இறக்கினான். நாற்பது. ஐம்பது. அறுபது. தட்டு அடியில் போய் உட்கார்ந்தது. கையில் வைத்துப் பார்ப்பது போலத் தெரிந்தது. தண்ணீர் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. படகு வெறும் காற்றில் தொங்கியது. கீழே தூரத்தில் பாறைத்தரை. பாறை மேல் வெள்ளையாகப் படிந்த பஞ்சு. அது அசைந்தது. குட்டையின் எல்லாப் பக்கத்திலிருந்தும், தரையோடு தரையாக ஊர்ந்து, ஓர் இடத்துக்கு வந்துகொண்டிருந்தது.

அடியில் போய் உக்காந்துக்கும், என்றாளே சந்திரலேகா.

அடியில்தானே பொன்னி இருக்கிறாள். தண்ணீரெல்லாம் சிதறிக் கிடந்த மிச்சப் பொன்னியை அவனே திரட்டி, அவனே வாளி வாளியாக இறக்கிக் கொடுத்திருக்கிறான்.

பஞ்சு விலகியது. அவள் தெரிந்தாள்.

முதுகை வளைத்து உட்கார்ந்திருந்தாள், மெஷினுக்கு முன்னால் உட்கார்கிற மாதிரி. மெஷின் இல்லை. கால் மட்டும் மேலும் கீழும் மிதித்துக்கொண்டிருந்தது. எலும்பெல்லாம் இருந்தது. எலும்பைச் சுற்றிச் சதையாக இருந்தது கண்ணாடி மீனின் உடம்பு போன்ற ஏதோ ஒன்று. அதற்குள் தண்ணீர்த்தெள்ளுகள் ரத்தம் மாதிரி ஓடின. நிறமில்லாத முடி மேலே எழுந்து ஆடியது. பல்வரிசையில் முன்பல்லின் பக்கத்தில் ஒரு பால்பல். மார்பிலிருந்து அடிவயிறு வரை தைக்காமல் விட்ட ஒரு திறப்பு. உள்ளே ஒன்றுமில்லை. ஒரு பிள்ளை முட்டியை மடக்கி, கழுத்தைக் குனிந்து படுத்தால் கொள்கிற அளவுக்கு, அவ்வளவு துல்லியமாக, காலி.

கரையில் வண்டி நிற்கும் சத்தம் கேட்டது.

“மாமா!” காத்தவராயன். “வேணாம் மாமா. குட்டியானை இங்கதான் வந்துச்சுன்னு படிகாரக்கடைக்காரன் சொன்னான். நீங்க அழுதத பாத்தேன். எதனா பண்ணிக்கிட்டீங்கன்னா இந்தப் புள்ளக்கி யாரு இருக்கா? தோ பாருங்க, இவ மூஞ்சியப் பாருங்க மாமா.”

அவன் கையைப் பிடித்துக்கொண்டு அனு நின்றாள். சீருடையோடு.

“கூட்டிக்கிட்டுப் போ.” தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. “காத்தா. போ. கூட்டிக்கிட்டுப் போ.”

“என்னா சொல்றீங்க? கேக்கல மாமா.” கேட்பதற்காகப் பிள்ளையின் கையை விட்டுவிட்டுத் தன் கையைக் காதில் வைத்தான்.

அனு செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்தாள்.

ராஜவேல் துடுப்பைப் போட்டான். படகு நகரவில்லை. மறுபடியும் போட்டான். துடுப்பு காற்றில் அடிப்பது போலப் போய்வந்தது. அனு படியில் இறங்குவது போல இறங்கினாள். முட்டி. இடுப்பு. அலை இல்லை. காத்தவராயன் பாய்ந்தான்; அவன் விழுந்த இடத்தில் தண்ணீர் சிதறியது, கலங்கியது, அவன் கையில் பிள்ளையின் ரிப்பன் மட்டும் இருந்தது. ராஜவேல் குதித்தான். மூழ்கினான். தண்ணீர் அவனை மேலே தள்ளியது. கறியை, ஈரலை, ஆட்டைத் தள்ளியது மாதிரி. மறுபடியும் மூழ்கினான். மறுபடியும் தள்ளியது.

முகத்தைத் தண்ணீரில் வைத்துக் குப்புற மிதந்தபடி பார்த்தான். வேறொன்றும் செய்ய முடியவில்லை. பார்க்க மட்டும் முடிந்தது. தெளிவாக. அவ்வளவு தெளிவாக.

அனு இறங்கிக்கொண்டிருந்தாள். நிதானமாக, புரண்டு புரண்டு, வெள்ளையாக. இரண்டு பக்கமும் மீன்கள் வரிசை கட்டி வழிவிட்டன. கீழே இரண்டு கை உயர்ந்து அவளை வாங்கியது. கையைப் பக்கவாட்டில் நீட்டிப் பார்த்தது. முட்டியை மடக்கியது. கழுத்தைக் குனிய வைத்தது.

கடகடகடவென்று ஓட்டம்.

நிறுத்தம்.

பொன்னி குனிந்து, தன் அடிவயிற்றோரம் வாயைக் கொண்டுபோய், நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.